குவேக் கட்சி, அன்ரியல் கட்சி, நடுவில் ஒரு கிராபிக்ஸ் கார்ட்

1999-ஆம் ஆண்டு முடிகிற நேரம். நவம்பர் கடைசியில் ‘அன்ரியல் டோர்னமென்ட்’ வந்தது. டிசம்பர் பிறந்ததும் ‘குவேக் 3 அரீனா’ வந்துவிட்டது. இரண்டிலும் கதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரு மூடிய களம், அங்கங்கே கிடக்கிற துப்பாக்கிகள், எதிரே நாலைந்து பேர். செத்தால் அடுத்த நொடியே வேறொரு மூலையில் எழுந்து ஓட வேண்டும். குறித்த எண்ணிக்கையை யார் முதலில் தொடுகிறாரோ அவர் ஜெயித்தார். இவ்வளவுதான் ஆட்டம். இதற்காக உலகம் முழுக்கப் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். கம்போங் ராஜாவில் நாங்களும் நின்றோம். அந்தச் சண்டை மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும்.

வெளியூர்க்காரர்களுக்குக் கேமரன் மலை என்றால் தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும்தான். அதற்கும் வடக்கே கீ ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா எல்லாம் தாண்டி வந்தால் எங்கள் ஊர். ஒரு பக்கம் புளூ வேலி. மற்ற சரிவெல்லாம் காய்கறித் தோட்டம், பூத்தோட்டம், பிளாஸ்டிக் கூரை. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அப்போது எங்களில் சிலர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. புதுசு இல்லை. ஈப்போவில் யாரோ ஆபீசில் கழித்துப் போட்டது, கைமாறிக் கைமாறி மலை ஏறி வந்திருக்கும். இன்னொரு பக்கம், கடைவரிசையின் மாடியில் ஒரு சைபர் கஃபே. அங்கே இருந்த பெட்டிகள் புதுசு. உள்ளே என்விடியாவின் ரிவா டிஎன்டி2 கார்ட்.

எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்த கதை இந்தக் கார்டில்தான் ஆரம்பிக்கிறது.

குவேக் 3-க்கு 3டி கார்ட் இல்லையென்றால் ஆட்டமே திறக்காது. ‘டூம்’ காலத்திலிருந்து ‘குவேக் 2’ வரைக்கும் இட் சாஃப்ட்வேர் செய்த ஆட்டங்கள் கார்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடின. மூன்றாவதில் அந்தக் கம்பெனியின் ஜான் கார்மாக் அந்த வாசலை அடைத்துவிட்டார். ஓப்பன்ஜிஎல் தெரிந்த கார்ட் வைத்திருக்கிறாயா, வா. இல்லையா, போய்விட்டு வா. அன்ரியலை உருவாக்கிய எபிக் அப்படிச் செய்யவில்லை. அன்ரியல் டோர்னமென்டுக்குள் சாஃப்ட்வேர் ரெண்டரர் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். கார்ட் இல்லாவிட்டால் ப்ராசஸரே உட்கார்ந்து படத்தை வரையும். பென்டியம் 200, 32 எம்பி ராம் இருந்தால் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். படம் கட்டங்கட்டமாகத்தான் தெரியும், ஆள் கூடினால் இழுக்கும். ஆனாலும் ஓடியது.

ஆக, வீட்டில் பழைய பெட்டி வைத்திருந்தவன் அன்ரியல் கட்சி. கையில் காசு சேர்த்துக்கொண்டு மாடிக்குப் போனவன் குவேக் கட்சி. தோட்டத்துப் பையன்கள் ஒரு பக்கம், கடைத்தெருப் பையன்கள் மறுபக்கம். ரசனை என்று ஒன்று பிறப்பதற்கு முன்னாடியே கார்ட் எங்களைப் பிரித்து வைத்துவிட்டது. ஆனால் ரசனை பிறகு வந்தது. வந்து நிஜமாகவே உட்கார்ந்தது. நம் கைக்குக் கிடைத்த ஆட்டத்தில் என்ன சிறப்பு என்று தேடித் தேடி, அதைக் கண்டுபிடித்து, அதற்காக வாதாடக் கற்றுக்கொண்டோம். நாங்கள் சொன்ன காரணங்கள் சாக்கு இல்லை. இன்றைக்கும் அந்த இரண்டு ஆட்டத்தையும் தெரிந்தவர்கள் அதே காரணங்களைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் எதிர்க்கட்சியின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன்.

குவேக் 3-இல் ஓடுவதே ஒரு வித்தை. நேராக ஓடினால் ஒரு வேகம். ஒரு பக்கமாகச் சாய்ந்து, குதித்து, குதிக்கும்போதே மவுஸைச் சரியான கோணத்தில் திருப்பினால் வேகம் கூடிக்கொண்டே போகும். இதற்கு ஸ்ட்ரேஃப் ஜம்ப் என்று பெயர். இது யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. கணக்கில் இருந்த ஒரு ஓட்டை. கார்மாக் அதை அடைத்துப் பார்த்தார். அடைத்தால் சாதாரணமாக நடப்பதே சரியில்லாமல் போகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் ஒரு கலையையே வளர்த்துவிட்டார்கள். காலடியில் ராக்கெட்டை வெடிக்க வைத்து அந்த உதறலில் மேலே பறப்பது இன்னொன்று. உயிரில் கொஞ்சம் போகும், எதிரி எதிர்பார்க்காத இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

அதைவிடப் பெரிது நேரக்கணக்கு. ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது களத்தில் கிடக்கிற சிவப்புக் கவசத்தை எடுத்தால் 25 நொடியில் அது மறுபடி முளைக்கும். மெகா ஹெல்த் 35 நொடியில். எப்போது முளைக்கும் என்று திரை காட்டாது, மனசுக்குள்தான் எண்ண வேண்டும். மாடிக்கடையில் எங்களுக்கு மூத்த ஒரு அண்ணன் இருந்தார். படிவம் ஐந்து முடித்துவிட்டு லாரியில் காய்கறி ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் ஆடும்போது பின்னால் நின்றால் உதடு அசைவது தெரியும். எதிரியைச் சுட்டுக்கொண்டே, ஓடிக்கொண்டே, இரண்டு எண்ணிக்கையைத் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருப்பார்.

“அண்ணே, எப்படிண்ணே ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கிறீங்க?”

“பேசாதடா தம்பி. பதினெட்டு… பத்தொன்பது…”

இருபத்திமூன்றில் அந்த இடத்துக்குப் போய் நின்றுவிடுவார். கவசம் முளைக்கிற அதே நொடி அது அவர் உடம்பில் இருக்கும். எதிரி இரண்டு நொடி தாமதமாக ஓடி வந்து நேராக அவர் ரெயில்கன்னுக்கு முன்னால் நிற்பான். ரெயில்கன் ஒரு தடவை சுட்டால் அடுத்ததற்கு ஒன்றரை நொடி காத்திருக்க வேண்டும். அதனால் தவறவிடக் கூடாது. அவர் பெரும்பாலும் தவறவிட மாட்டார். தொடர்ந்து இரண்டு குறி பட்டால் ‘இம்ப்ரெசிவ்’ என்று ஆட்டமே குரல் கொடுக்கும். அந்தக் குரல் கேட்டதும் மற்றப் பெட்டிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆட்டத்தை நிறுத்தாமலே தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பார்கள்.

அதற்கு எதிரே நாங்கள் எதை வைத்தோம்?

முதலாவது, துப்பாக்கிகள். அன்ரியல் டோர்னமென்டில் ஏறக்குறைய எல்லா ஆயுதத்துக்கும் இரண்டு விதமான சுடுதல் உண்டு. ஷாக் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொத்தான் அழுத்தினால் நேர்க்கோட்டில் கதிர். இன்னொன்று அழுத்தினால் மெதுவாக மிதந்து போகிற ஒரு ஊதா உருண்டை. அந்த உருண்டை எதிரிக்குப் பக்கத்தில் போகும்வரை பொறுத்திருந்து, கதிரால் அந்த உருண்டையையே சுட்டால் சுற்றிலும் இருப்பவர்களைத் தூக்கி எறிகிற வெடிப்பு. இதைத்தான் காம்போ என்பார்கள். எதிரி இன்னும் வராத மூலையில் உருண்டையை அனுப்பிவிட்டு, அவன் வந்து சேரும் நேரத்துக்கு வெடிக்க வைப்பது தனிச் சுகம். ஃபிளாக் கேனன் கிட்டப் போய்ச் சிதறடிக்கிற ஆயுதம். அது தூரத்துக்கு ஆகாது என்று நினைக்கிறவனுக்கு அதன் இரண்டாவது பொத்தான் ஒரு குண்டை வளைத்து வீசிக் காட்டும்.

இரண்டாவது, ஆட்டத்தின் வகைகள். கொடி பிடிப்பது குவேக்கிலும் உண்டு. ஆனால் அசால்ட் அங்கே கிடையாது. ஒரு அணி ஒரு கோட்டையையோ கப்பலையோ கட்டங்கட்டமாகப் பிடிக்க வேண்டும், மறு அணி காக்க வேண்டும், பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு தட்டை வீசிவிட்டு அது விழுந்த இடத்துக்கு நொடியில் போய் நிற்கிற டிரான்ஸ்லொகேட்டரும் அங்கே கிடையாது.

மூன்றாவது, ‘ஃபேசிங் வேர்ல்ட்ஸ்’. செட்ரிக் ஃபியோரென்டினோ வடிவமைத்த களம் அது. விண்வெளியில் மிதக்கிற ஒரு பாறை, இரண்டு முனையிலும் இரண்டு கோபுரம், நடுவே ஒளிய இடமில்லாத பாதை, பின்னால் சுழல்கிற பூமி. கோபுர உச்சியில் ஸ்நைப்பர் வைத்திருப்பவனைத் தாண்டிக் கொடியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். மிஷீல் வான் டென் பாஸ் அமைத்த இசை கூடவே ஓடும். குவேக் கட்சிக்காரர்கள் இதற்குப் பதிலாகத் ‘தி லாங்கஸ்ட் யார்ட்’ களத்தைச் சொல்வார்கள். அதுவும் வெற்றுவெளியில் மிதக்கிற மேடைகள்தான், அதுவும் ரெயில்கன்காரர்களின் சொர்க்கம்தான். இரண்டு களங்களையும் வைத்து எங்கள் ஊரில் நடந்த வாக்குவாதத்துக்கு அளவே கிடையாது. என் ஓட்டு ஃபேசிங் வேர்ல்ட்ஸுக்கு. இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது நான்காவது. லயத்து வீட்டில் டெலிபோன் லைன் கிடையாது, டயல்-அப் என்ற பேச்சே இல்லை. எதிரே ஆட ஆள் வேண்டுமே? அன்ரியல் டோர்னமென்டில் கம்ப்யூட்டரே ஆடுகிற பாட்கள் இருந்தன. எட்டு நிலைகள். கீழ் நிலையில் அப்பாவியாக நடந்து வந்து செத்துப்போகும். மேலே போகப்போக ஒதுங்கும், துரத்தும், ஆயுதத்தைத் தேடி ஓடும், கொடியைக் காக்கும். கடைசி நிலைக்குப் பெயரே காட்லைக். இணையம் இல்லாத மலைத்தோட்டத்துப் பையனுக்கு ஒரு அணியையே வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்தது அந்த ஆட்டம். சாயந்திரம் வேலை முடிந்து எல்லோரும் வந்த பிறகு, டிவிக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரே ப்ளக் என்பதால் வீட்டில் பேரம் பேசி வாங்கிய நேரம் அது. அந்த நேரத்துக்கு இந்தப் பாட்கள் துரோகம் செய்யவில்லை.

இவற்றை எழுதியவர் ஸ்டீவன் போல்ஜ். அவர் எபிக் வீட்டுப் பிள்ளை இல்லை என்பது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. 1996-இல் முதல் ‘குவேக்’ வந்ததும், அந்த ஆட்டத்தின் மேல் இருந்த பிரியத்தில் ‘ரீப்பர் பாட்’ என்று ஒன்றை எழுதி இலவசமாக விட்டவர் அவர். அதைப் பார்த்துத்தான் எபிக் அவரை அழைத்துக்கொண்டது. அதாவது, தோட்டத்தில் நாங்கள் யாரோடு மோதிப் பழகினோமோ அந்த மூளை குவேக் ரசிகர் ஒருவரின் கையில் பிறந்தது. குவேக் 3-இன் பாட்களை எழுதிய யான் பால் வான் வேவரெனும் அப்படித்தான், குவேக் 2-க்கு ‘கிளாடியேட்டர் பாட்’ எழுதிய ரசிகராக இருந்து உள்ளே போனவர். 2017-இல் காலமானார். நாங்கள் அடித்துக்கொண்ட இரண்டு கட்சியின் அஸ்திவாரத்திலும் ஒரே ஜாதி ரசிகர்கள்தான் கல் சுமந்திருக்கிறார்கள்.

மாடிக்கடைக்கு வருகிறேன். கடை முதலாளி, தவுக்கே, நல்ல மனுஷர். யார் எந்த ஆட்டம் கேட்டாலும் ஏற்றிக் கொடுப்பார். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்து அன்ரியலையும் அங்கே ஏற்ற வைத்தோம். முதல் தடவை டிஎன்டி2 கார்டில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. வீட்டில் சாம்பல் கட்டங்களாகத் தெரிந்த சுவரில் கல் தெரிந்தது, கல்லில் பாசி தெரிந்தது.

அந்தச் சாயந்திரங்களில் கட்சிச் சண்டை உச்சத்தில் இருக்கும்.

“உங்க ஆளுங்க நடக்கிறதைப் பாரு மச்சான், தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு.”

“உங்க ஆட்டத்துல உருப்படியா மூணு துப்பாக்கிடா. மத்ததை எவனாச்சும் தொடுறானா?”

“மூணு போதும்லா. ஆடத் தெரிஞ்சவனுக்கு.”

வாய்ச்சண்டை இப்படிப் போகும், ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒரு எதிரி இருந்தது: மவுஸ். ஒளியால் வேலை செய்கிற மவுஸ் அப்போதுதான் உலகத்தில் பரவ ஆரம்பித்திருந்தது, எங்கள் மலைக்கு வரவில்லை. உருண்டை மவுஸ்தான். அடியில் வட்ட மூடியைத் திருகிக் கழற்றினால் கனமான ரப்பர் உருண்டை கையில் விழும். உள்ளே சின்னச் சின்ன உருளைகள். அவற்றைச் சுற்றி அழுக்கு நாடா மாதிரி இறுகிப் படிந்திருக்கும். தோட்டத்திலிருந்து நேராக வருகிறவர்களின் விரல் மண்ணும் உர வாசனையும் அதில் சேரும். அந்த உருளையை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் குறி வைக்கிற நேரத்தில் பார்வை ஒரு இடத்தில் நின்று பிறகு திடீரென்று துள்ளும். ரெயில்கன்காரனுக்கும் ஷாக் ரைஃபிள்காரனுக்கும் அந்தத் துள்ளல் ஒரே மாதிரிச் சாவு. மலைக்குளிரில் விரல் விறைத்துப்போகும் இரவுகளில், தேத்தண்ணீர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துச் சூடு ஏற்றிக்கொண்டுதான் அந்த அண்ணனே உட்காருவார். ஆட்டம் தொடங்குமுன் எதிர்க்கட்சிக்காரனின் மவுஸையும் சேர்த்துத் துடைத்துக் கொடுப்பது எங்கள் கடையில் எழுதாத சட்டம்.

வெளியுலகத்திலும் பொறி பறந்தது. 1997-இல் அட்லாண்டாவில் நடந்த குவேக் போட்டியில் டென்னிஸ் ஃபாங் ஜெயித்து, ஜான் கார்மாக்கின் சொந்த ஃபெராரியையே பரிசாக வாங்கிக்கொண்டு போன கதை எங்களுக்கு வேதம். 2001-இல் சியோலில் நடந்த வேர்ல்ட் சைபர் கேம்ஸில் குவேக் 3-உம் அன்ரியல் டோர்னமென்டும் இரண்டுமே போட்டிப் பட்டியலில் இருந்தன. கட்சிகள் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ்.

பிறகு ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ வந்தது. 2000 நவம்பரில் முழுப் பதிப்பு வெளியானதும் நாட்டில் உள்ள சைபர் கஃபே எல்லாம் அதன் பக்கம் சாய்ந்தன. எங்கள் மாடியும் சாய்ந்தது. அதற்கும் பிறகு ‘டோட்டா’ வந்து மிச்சம் இருந்த நாற்காலிகளையும் பிடித்துக்கொண்டது. குவேக் கட்சியும் அன்ரியல் கட்சியும் ஒரே வருஷத்தில் வேலையில்லாமல் போய், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே அணியில் ஆட ஆரம்பித்தார்கள். தோற்றவர்கள் யார் என்றால் இரண்டு பேரும்தான். ஆனால் கவனித்துப் பார்த்தால் இருவரும் அந்த அறையை விட்டுப் போகவே இல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் ‘ஹாஃப்-லைஃப்’ மேல் கட்டியது, ஹாஃப்-லைஃபின் என்ஜினோ குவேக் என்ஜினை வாங்கித் திருத்தியது. டோட்டாவில் வரிசையாக ஆளை வீழ்த்தும்போது ‘மான்ஸ்டர் கில்’, ‘காட்லைக்’ என்று முழங்கியதே, அந்தக் குரல்கள் அன்ரியல் டோர்னமென்டிலிருந்து எடுத்தவை. குவேக்கின் எலும்பிலும் அன்ரியலின் குரலிலும் அந்தக் கடை இன்னும் பல வருஷம் ஓடியது. அங்கே ஆடிய சின்னப் பையன்களுக்கு அது தெரியாது. நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், காதில் வாங்கியவன் இல்லை.

இப்போது கம்போங் ராஜாவில் பையன்கள் கையில் ஃபோன். ‘பப்ஜி’ ஆடுகிறார்கள், கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ‘வேலரன்ட்’. இரண்டுமே அன்ரியல் என்ஜினில் கட்டியவை. வியாபாரக் கணக்கில் பார்த்தால் எங்கள் கட்சிதான் உலகத்தை ஜெயித்தது. டிம் ஸ்வீனி 1991-இல் தொடங்கிய எபிக் கம்பெனி இன்றைக்கு ‘ஃபோர்ட்நைட்’ வைத்திருக்கிறது, சினிமாக்காரர்கள்கூட அதன் என்ஜினை வாங்குகிறார்கள். அதே 1991-இல் தொடங்கிய இட் சாஃப்ட்வேர் ஜெனிமாக்ஸ் கைக்குப் போய், 2021-இல் மைக்ரோசாஃப்ட் கைக்கும் போய்விட்டது.

ஆனால் நான் கணக்கு வைத்துக்கொள்வது வேறு மாதிரி. 2005 ஆகஸ்ட் மாதம் இட் சாஃப்ட்வேர் குவேக் 3-இன் மூல நிரலை முழுசாகத் திறந்து உலகத்துக்குக் கொடுத்துவிட்டது. அதே மாதத்தில் ‘ஓப்பன் அரீனா’ பிறந்தது. காசு கொடுக்காமல், யாரிடமும் கேட்காமல், பழைய லேப்டாப்பிலும் இன்றைக்கு அந்த ஓட்டத்தை ஓடலாம். படிக்கிற பிள்ளைகள் அந்த நிரலைத் திறந்து பார்த்துப் பாடம் படிக்கலாம்; பல்கலைக்கழகங்களில் படிக்கவும் செய்கிறார்கள்.

அன்ரியல் டோர்னமென்டுக்கு நடந்தது அப்படி இல்லை. 2022 டிசம்பரில் எபிக் பழைய அன்ரியல் ஆட்டங்களை எல்லாக் கடைகளிலிருந்தும் எடுத்துவிட்டது, அடுத்த மாதமே தங்கள் சர்வர்களையும் நிறுத்தியது. ‘ஓல்ட் அன்ரியல்’ என்ற ரசிகர் குழு மட்டும் எபிக்கின் அனுமதியோடு ஆட்டத்தைத் திருத்திப் புதுக் கம்ப்யூட்டர்களில் ஓட வைத்துக்கொண்டிருக்கிறது. 2024 கடைசியில் அந்தக் குழு இன்டர்நெட் ஆர்க்கைவ் வழியாக ஆட்டத்தை மற்றவர்களுக்கு இறக்கிக் கொடுக்கவும் எபிக் சம்மதித்தது. நல்ல காரியம், நன்றி. ஆனால் அனுமதி கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும்.

நான் அன்ரியல் கட்சி. அதனால்தான் கேட்கிறேன்: அந்த நிரலைத் திறந்துவிடுங்கள். கார்ட் இல்லாதவனுக்கும் வாசலைத் திறந்து வைத்த ஆட்டம் அது. போல்ஜின் பாட்கள் எப்படி யோசிக்கின்றன என்று புளூ வேலியில் இருக்கிற ஒரு பிள்ளை திறந்து பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட ஆட்டத்தில் ஒளித்து வைக்க எபிக்குக்கு இனி என்ன வியாபார ரகசியம் இருக்கிறது?

ஆட ஆசைப்படுகிறவர்கள் ஓல்ட் அன்ரியல் தளத்தில் இன்ஸ்டாலரை எடுத்துக்கொள்ளுங்கள், ஓப்பன் அரீனாவையும் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் நான் ஃபேசிங் வேர்ல்ட்ஸில் இருப்பேன், சிவப்புக் கோபுரம். குவேக் கட்சிக்காரர்கள் தாராளமாக நீலத்தில் வந்து நிற்கலாம்.